வெள்ளைக் கோடும் பூசணிக்காயும்

பூசணிக்காயை அவளுடைய ரவுண்டானாவுக்குள்தான் உடைத்தார்கள்.

வண்டிகள் சுற்றிவரும் தடத்தின் நடுவே. குங்குமம், சதை, விதை.

ரிப்பன் வெட்டியவர் காரில் ஏறினார். வட்டத்தைச் சுற்றப் பொறுமையில்லாமல் கார் எதிர்ப்பக்கமாகவே திரும்பிப் போனது.

அவளுக்கு வாய் கசந்தது.

ரவுண்டானாவின் வரைபடம் பொறியாளரான அவள் போட்டது. அதற்கு உயிர் ஒரே ஒரு விதி. உள்ளே சுற்றுகிறவருக்கு முதல் வழி; நுழைகிறவர் வெள்ளைக் கோட்டில் நின்று, வழிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். சிக்னல் வேண்டாம், போலீஸ் வேண்டாம். பழைய நாற்சந்தியில் ஒரு வண்டியின் விலாவில் இன்னொன்று நேராகப் பாயும். வட்டத்தில் தவறினாலும் பெரும்பாலும் உரசல்தான்.

ஓரத்தில் பூ விற்கும் ஆரோக்கியத்துக்கு இதைக் கையால் தரையில் வரைந்தே காட்டியிருக்கிறாள். ஆரோக்கியத்தின் கணவர் அந்தப் பழைய நாற்சந்தியில்தான் அடிபட்டுச் செத்தார். மகள் இன்றும் இதே வழியாகத்தான் பள்ளியிலிருந்து சைக்கிளில் வருகிறாள்.

தடுப்புகளை எடுத்தார்கள்.

கோட்டில் யாரும் நிற்கவில்லை. ஹாரனை அமுக்கியபடி நுழைந்தார்கள். உள்ளே சுற்றியவர்கள்தான் பிரேக் போட்டார்கள். வட்டம் இறுகிப்போனது. ஒருவர் நடுமேட்டுப் புல்லில் பைக்கை ஏற்றி, அங்கேயே எச்சிலும் துப்பிவிட்டுப் போனார்.

ஆனால் பூசணிக்காயை யாரும் மிதிக்கவில்லை.

லாரிகூட அதன் முன் தயங்கி ஒதுங்கியது. ஒதுங்கிய ஒரு பைக் சிதறிய சதையில் வழுக்கி, விழாமல் தப்பியது.

அவள் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

"மேடம், தொடாதீங்க." கான்ட்ராக்டர் வீரபாகு ஓடிவந்தார். "திருஷ்டி கழிச்சது. எடுத்தவங்களப் புடிச்சுக்கும்."

சதையை வழித்து எறிந்தாள். ஆரோக்கியத்தின் வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவினாள். மிஞ்சிய பூசணி ஓடுகளை எடுத்துப்போய், குங்குமம் மேலே தெரியும்படி, பூக்கடைப் பக்கத்து வெள்ளைக் கோட்டின் மேல் இடம் விட்டு விட்டு வைத்தாள்.

வேகமாக வந்த பேருந்து கோட்டில் நின்றது.

ஓட்டுநர் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு பள்ளிச் சைக்கிள் அவசரமில்லாமல் சுற்றிப் போனது.

ஆரோக்கியம் பூக்கட்டுவதை நிறுத்தினாள்.

"நிக்கிறாங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே."

அவள் கையை உதறினாள். விரலிடுக்கில் பூசணி பிசுபிசுத்தது.

மற்ற மூன்று சாலைகளிலும் ஹாரன் ஓயவில்லை.

"வீரபாகு," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் மூணு பூசணிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."