எழாத மனிதர்

ஒரு தேசத்தின் தலைவிதியை ஒரு தையல்காரர் உட்கார்ந்தபடியே மாற்றினார் என்பது வரலாறு. அந்த வரலாறு இப்போது தன் கடையில் உட்கார்ந்து, ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தது.

“சர்வாதிகாரி மேடை ஏறினதும் மைதானமே எழுந்து நின்னுச்சு. நீங்க மட்டும் எழலை. உங்களைப் பார்த்து மறுநாள் ஊரே உட்கார்ந்துடுச்சு. அதுதான் என் படத்தோட கிளைமாக்ஸ்” என்றார் இயக்குநர். “ஐயா, அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?”

“எழுந்தா மானம் போயிடும்னு தோணுச்சு, தம்பி.”

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கூட்டம் கலைஞ்ச பிறகும் இருட்டுற வரைக்கும் எழலையாமே?”

“ஆமா. எல்லாரும் போகட்டும்னு இருந்தேன்.”

“என்ன வைராக்கியம்! அன்னைக்குப் போட்டிருந்த கால்சட்டை இருக்கா? அதை க்ளோசப்ல காட்டணும்.”

“பத்திரமா இருக்கே, எடுத்துட்டு வரவா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் தையல்காரரின் மனைவி. சிரிப்பை அடக்கிய குரல்.

“இப்ப வேணாம்!” என்று பதறினார் தையல்காரர். “நாளைக்கு இஸ்திரி போட்டுத் தரேன்.”

இயக்குநர் மரியாதைக்காக முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்.

மனைவி கால்சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். “பாவம் அந்தப் பிள்ளை. உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?”

“நான் என்ன பொய்யா சொன்னேன்?”

மைதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் சீருடை தைத்தவர், முப்பது வருஷமாகக் கிழிந்தே கிடந்த தன் கால்சட்டையின் பின்பக்கத்தை இப்போதுதான் தைத்தார்.