றெஜினா பார்த்த ஆட்டம்

ஏரிக்கரையில் இருந்த பழைய பேஸ்போல் மைதானத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1999 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அல்போன்ஸ் தன் மனைவி றெஜினாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். 1984இல் அவளை ஊரில், பாசையூரில் விட்டுவிட்டுத் தனியாகக் கனடா வந்து, பார்க்டேலில் அறை எடுத்திருந்த காலத்தில் அவருக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் அந்த மைதானம்தான். அங்கே ஆடிய அணி புது மைதானத்துக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் றெஜினா கனடா வந்து சேர்ந்தாள்.

வேலிக்கு அப்பால் பாதி இடிந்து கிடந்த படிவரிசைகளை றெஜினா கைகாட்டினாள்.

“உதிலதானே நாங்கள் இருந்தனாங்கள்?”

அல்போன்ஸ் சிரித்தார். “நீர் வர முன்னமே இஞ்ச மச் எல்லாம் முடிஞ்சுது.”

“இல்லையப்பா. சித்திரை மாசம், பனி கொட்டினது. இருந்த வாங்கு ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. நீங்கள் உங்கட பச்சைக் கோட்டைக் கழட்டி எனக்குப் போர்த்திவிட்டனீங்கள்.”

அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. 1986 சித்திரையில், கொட்டும் பனிக்குள் அவர் தனியாகத்தான் ஆட்டம் பார்த்தார். பச்சைக் கோட்டு இல்லாமல் அறைக்குத் திரும்பி, ஒரு கிழமை காய்ச்சலாய்க் கிடந்தார். அதை எங்கே விட்டார் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அவளுக்கு அதைப்பற்றி எழுதியதும் இல்லை.

“அந்தக் கோட்டு இப்ப எங்கை?” என்று மெல்லக் கேட்டார்.

“பாசையூர் வீட்டிலதான்,” என்றாள் றெஜினா, இடிபடும் படிகளைப் பார்த்தபடியே. “பொம்மர் குண்டு போட வாற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் பங்கருக்குள்ள இருந்தனான். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் கேக்குங்கள், அன்ரி, இந்த வெக்கையில உங்களுக்கு ஏன் இப்பிடி நடுங்குது எண்டு.”