இறங்காத கை

அவள் பேசத்தான் கை தூக்கினாள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த நிதியை எதற்குச் செலவழிக்கலாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கிராம சபையில் அப்போதுதான் கேட்டிருந்தார்கள்.

அவளிடம் ஒரு கருத்து இருந்தது. சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தர ஒரு கோச். அவள் மகள் செல்வக்கனி, வளைந்த கருவேலங்கம்பை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

ஊராட்சிச் செயலர் செல்போனை உயர்த்தி, போட்டோவுக்காக எல்லாரையும் கை தூக்கச் சொன்னார்.

தூக்கினார்கள். வழக்கம்தான்.

போட்டோ எடுத்தாயிற்று. பிறகு தீர்மானத்தை வாசித்தார்கள். பள்ளி வாசலில் அலங்கார வளைவு. தலைவருடைய அப்பா பெயரில். ஏகமனதாக நிறைவேறியது.

சாட்சிக்குப் போட்டோ இருக்கிறது. முன்வரிசையில், எல்லாருக்கும் மேலே, அவள் கை.

மைக் வயரைச் சுருட்டினார்கள். அவள் அப்படியே நின்றாள்.

"கூட்டம் முடிஞ்சிட்டும்மா. கையை இறக்கு" என்றார் தலைவர்.

"நான் இன்னும் பேசலியே."

தூக்கிய கையோடே வீட்டுக்குப் போனாள். இடக்கையால் உலை வைத்தாள். உறக்கத்திலும் அந்தக் கை கூரையைப் பார்த்து நின்றது. வீட்டுக்காரர் அதட்டினார், கெஞ்சினார், பிறகு பழகிக்கொண்டார். வளையல்கள் தோள்பட்டையில் குடியேறின. ரோட்டோரம் நடந்தால், நம் ஊரில் நிற்காத பஸ்ஸெல்லாம் நின்றது. கண்டக்டர்கள் ஏசினார்கள்.

கோபத்தில் அந்தக் கை கொதித்தது. ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுக்காரிகள் அதில் துணி காயப்போட்டார்கள்.

உள்ளதைத்தான் சொல்கிறேன். என் துண்டும் அதில்தான் காய்ந்தது.

வளைவு எழும்பியது. அதன் ஒரு காலை, பிள்ளைகள் கோல் அடிக்கும் இடத்தில் ஊன்றினார்கள்.

செல்வக்கனி கம்பைக் கொண்டுவந்து அடுப்புக்குள் வைத்தாள்.

அம்மாக்காரி இடக்கையால் அதை உருவி அணைத்தாள். கரிந்த கம்போடு அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள். என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். பாதி அச்சில் ஏற்ற முடியாது.

அடுத்த கிராம சபை. புது நிதி. வளைவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதாகப் பேச்சு.

செயலர் செல்போனை உயர்த்தினார். ஊரே கை தூக்கியது.

போட்டோ எடுத்தாயிற்று. போதும், இறக்கலாம் என்றார்.

ஒருவரும் இறக்கவில்லை.

தலைவர் மறுபடியும் சொன்னார். அதட்டியும் பார்த்தார்.

கைகள் நின்றன. பந்தலுக்குள் வெக்கை ஏறியது. தலைவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அப்புறம் அடுத்த பொத்தானை.

அவள் எழுந்து முன்னே போனாள். இடக்கையில் கரிந்த கம்பு.

அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் இறங்கியது.

மைக்கைப் பிடிக்க.