அரியலூர்க் கை

“அரியலூர்க்காரன் போட்டதா இது?”

கேட்ட குரல் தர்மனுக்கே பிடிக்கவில்லை. கையிலிருந்தது கீழப்பழுவூர் குருமூர்த்தியின் எழுபது வருஷத்து மோரிஸ் காரின் கதவுப் பட்டை. வெறும் தகரம்தான். ஆனால் மேலே பெயின்டில் ஓடிய மர ரேகையும் கணுவும், ஈட்டி மரக் கட்டையை அப்போதுதான் இழைத்து வைத்த மாதிரி இருந்தன.

“டேவிட்ராஜ் பட்டறைங்க. சாம்பிளுக்குத்தான் ஒண்ணு குடுத்தேன்.” குருமூர்த்தி தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க தர்மன். டேஷ்போர்டையும் அங்கேயே குடுத்துடறேனே.”

பழைய காருக்குள் தகரத்தை மரமாக்க, பெரம்பலூரில் பதினெட்டு வருஷமாகத் தர்மனை விட்டால் ஆளில்லை. பாதி முடித்த வேலை அவன் கையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பட்டையை மட்டும் ஒரு நாள் இருக்கட்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டான்.

மதியம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே பட்டையை வைத்துக்கொண்டான்.

“இந்தக் கணுவப் பாரு. நான் வச்சா பொட்டு வச்ச மாதிரி தனியாத் தெரியும். இவன் அதச் சுத்தி ரேகைய வளைச்சு வுட்டிருக்கான். எங்க கத்துக்கிட்டானோ, படுபாவி!”

மனைவி செல்வம்மாள் ரசம் ஊற்றினாள். “அவ்ளோ நல்லாவா இருக்கு?”

“நல்லா இருக்கறதாலதான் வயிறு எரியுது.”

“நெசமாவா?” என்றாள் மறுபடியும்.

தர்மன் முறைத்தான். உப்புத்தாள் தேய்த்துக் கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? ஒருமுறை பிரஷ்ஷைக் கேட்டாள். பொம்பளை கைக்கு ரேகை நிக்காது என்று சிரித்து அனுப்பிவிட்டான்.

அவள் பாத்திரம் கழுவப் போனதும், பட்டையின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தான். ஒரு கீறல் போதும். அழுத்த மனசு வரவில்லை. அதற்கும் சேர்த்து அந்த டேவிட்ராஜ் மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் காலை செல்வம்மாள் தா.பழூருக்குக் கிளம்பினாள். அவள் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அங்கேதான். அவள் போன ஒரு மணி நேரத்தில் தர்மன் அரியலூர் பஸ்ஸில் ஏறினான். என்ன வார்னிஷ், என்ன பிரஷ் என்று பார்த்துவிட வேண்டும். முடிந்தால் நாலு பேர் முன்னால் ஒரு குறையாவது சொல்லிவிட்டு வர வேண்டும்.

பட்டறை வாசலில் டேவிட்ராஜ் கையில் சுத்தியலோடு நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

“நான் பெரம்பலூர் தர்மன்” என்று பட்டையை நீட்டினான். “இத எப்புடிப் போட்டேன்னு காட்டு தம்பி.”

“நான் தகரம் தட்டறவன்ங்க. ரேகைக்குத் தனி ஆளு. உள்ள டேஷ்போர்டு ஓடிக்கிட்டிருக்கு.” சட்டென்று டேவிட்ராஜ் முகம் மாறியது. “எந்தத் தர்மன்னு சொன்னீங்க?”

“பெரம்பலூர்ல எத்தன தர்மன் இந்த வேல பாக்கறான்? கூப்புடு அவன. நேர்லயே கேட்டுக்கறேன்.”

டேவிட்ராஜ் சுத்தியலைக் கீழே வைத்தான். உள்ளே திரும்பி, சன்னமாகக் கூப்பிட்டான்.

“அக்கா… உங்க வூட்டுக்காரர் வந்திருக்காரு.”