சிவப்பு அட்டை

தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலை ஃபாக்டரியின் அடுப்பு வாயில் சந்தனம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். புகையைக் குறைக்க வந்த அதிகாரிகள் தேவையில்லாத சாமான்களில் சிவப்பு அட்டை கட்டச் சொன்னதில், அவர் உட்காரும் முக்காலியும் மாட்டிக்கொண்டது. விறகை நன்றாகக் காயவைத்து, எடை பார்த்துப் போடுவதால் பாதி விறகு மிச்சம். சன்னலுக்கு வெளியே புகைபோக்கி வேலையற்றதுபோல் நிற்கிறது. அதன் பின்னால் மலை, துடைத்துவைத்த மாதிரி தெரிகிறது. இருவர் பார்த்த அடுப்புக்குத் திங்கள் முதல் ஒருவர் போதுமாம். எந்த ஒருவர் என்று சொல்லவில்லை. அட்டை கட்டிக்கொண்டே வந்த முருகேஸ்வரி, “புகை நின்னுருச்சே, இருமல் கொறஞ்சிருச்சாண்ணே?” என்கிறாள். “கொறஞ்சிருச்சு தாயி.” “ஒரு அட்டை மிஞ்சிக் கெடக்கு. எதுல கட்ட?” நெருப்பிலிருந்து கண்ணெடுக்காமல் சந்தனம் தன் மணிக்கட்டை நீட்டுகிறார்.