மிரருக்கு வந்த சக்களத்தி

மாசிலாமணியின் காரில் பின்பக்கம் காட்டும் மிரருக்கு மூன்று வாரமாக வயிறு எரிந்தது. முன்பெல்லாம் அவர் மீசையைத் தடவிக்கொள்வதும் அதைப் பார்த்துத்தான், ஸ்டியரிங்கை ஒடிப்பதும் அதைப் பார்த்துத்தான். இப்போது மூக்கின் மேல் ஒரு ஸ்மார்ட் கிளாஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடும் மெசேஜை விட்டு அவர் கண் நகர்வதே இல்லை.

"இனிமே உன் பக்கம் திரும்பவே மாட்டாருக்கா," என்றது ஸ்மார்ட் கிளாஸ்.

பின்னால் தண்ணீர் லாரி நெருங்கியது. மிரர் முழுக்க லாரிதான். மாசிலாமணி பார்க்கவில்லை, எதையோ படித்துச் சிரித்தபடி வலப்பக்கம் ஒடித்தார்.

லாரி இடித்த வேகத்தில் ஸ்மார்ட் கிளாஸ் அவர் காலடியில் போய் விழுந்தது. அவர் மிரரைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"அங்கே என்னத்தப் பாக்கறாரு?" என்றது கீழே கிடந்த ஸ்மார்ட் கிளாஸ்.

"என்னைத்தான்டி," என்றது விரிசல் விட்ட மிரர்.