வெறுங்கால்

பூஞ்சை எந்தப் புல்லில் தொடங்கி எந்தெந்த வயலுக்குப் போனது என்பதை மரபணுவைப் படித்துத் தேதியோடு சொல்லிவிடும் கருவி அது. கருகிப்போன ஏழு ஊர் நெல்லையும் வரப்புப் புல்லையும் அதில் வைத்துப் பார்த்தாள் ஆய்வாளர் செண்பகவல்லி. முதல் ஊர்ப் புல்லில் இருந்த நோய், அவள் சோதனைக்குப் போன அதே வரிசையில், அவள் கால் சேற்றோடு ஊர் ஊராகப் போயிருந்தது.

ஆபீசில் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். விளைகிற மண்ணைப் பூட்ஸ் காலால் மிதிக்க அவளுக்குத்தான் மனம் வரவில்லை.

எட்டாவது ஊரில் பயிர் இன்னும் பச்சையாக நின்றது. ரோட்டிலேயே தயங்கியவளை வயல்காரர் சுடலைமுத்து கைகூப்பி அழைத்தார்.

“எறங்கி வா தாயி. செருப்பக் கழட்டிட்டு வயல்ல எறங்குத ஒரே ஆபீசர் நீதான்னு ஊரே சொல்லுது. ஒன் காலு பட்டாப் போதும், பயிரு பொழச்சிக்கிடும்.”

அவள் காரிலிருந்த புதுப் பூட்சை எடுத்து மாட்டினாள்.

சுடலைமுத்துவின் கூப்பிய கைகள் மெல்லத் தாழ்ந்தன.

“வாங்க மேடம்” என்றார்.